பதினோராம் நம்பர் சட்டை

கேள்வி: 1964 இத்தாலி கால்பந்து லீக் பட்டத்துக்கான பிளே-ஆஃபில், விங்கர் (ஓரமாக ஏறித் தாக்குபவர்) இடத்தில் ஒரு டிஃபெண்டரை இறக்கித்தான் பொலோன்யா ஜெயித்தது. இப்படிப் பயந்து ஆடவைத்த கோச் பெர்னார்தினியைப் போன இதழில் ‘அழகான ஆட்டத்தின் ஆள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, நியாயமா?

பதில்: பயமா? அதே வேலையை எட்டு வருஷம் முன்பே, பயப்பட எதிரே ஆளே இல்லாத சீசனில் செய்தவர் ஃபுல்வியோ பெர்னார்தினி. 1955-56-ல் அவருடைய ஃபியோரென்டினா 12 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். 34 ஆட்டத்தில் ஒரே தோல்வி, அதுவும் கடைசி நாளில்.

அந்த அணியில் 11-ம் நம்பர் சட்டை பிரினிக்கு. பெயருக்குத்தான் லெஃப்ட் விங்கர், ஆடியதெல்லாம் நடுக்களத்தில். எதிரணி ரைட் பேக் (வலது ஓரத்து டிஃபெண்டர்) அவரைத் துரத்திக்கொண்டு ஏறி வந்தால், பின்னால் காலியாகும் இடத்தில் முன்வரிசை ஆட்டக்காரர் மொந்துவோரி நுழைவார். வராமல் நின்றால் நடுக்களத்தில் ஃபியோரென்டினாவுக்கு ஓர் ஆள் கூடுதல். அந்தக் கூடுதல் ஆள் இருந்ததால்தான், வலது ஓரத்தில் பிரேசில்காரர் ஜூலின்ஹோ பின்னால் ஓடி வந்து மல்லுக்கட்டாமல் மேலேயே நிற்க முடிந்தது. ஜூலின்ஹோ இல்லாத அணி இதைக் காப்பியடித்தால் முன்வரிசையில் ஓர் ஆள் குறையும், வேறொன்றும் நடக்காது.

ஆட்டக்காரராகவும் பெர்னார்தினி முரட்டு ரகமில்லை. லாசியோவில் கோல்கீப்பராகத் தொடங்கி, ரோமாவில் பாஸ் கொடுத்தே பேர் வாங்கிய சென்டர்-ஹாஃப் (அந்தக் காலத்தில் நடுக்களத்தின் மைய ஆள்). 1928 ஒலிம்பிக் வெண்கலம், இத்தாலிக்கு 26 ஆட்டம். 1934 உலகக் கோப்பைக்கு இத்தாலி கோச் போஸ்ஸோ இவரை விட்டுவிட்டு, இடித்து ஆடும் மொந்தியை வைத்துக்கொண்டார். (கோப்பையும் ஜெயித்தார், அதனால் போஸ்ஸோவைத் திட்டவும் வழியில்லை.)

இனி உங்கள் 1964. ஜூன் 7, ரோம். விங்கர் பஸ்குத்திக்குக் காயம். எதிரே, பதினோரு நாள் முன்புதான் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய இன்டர். எதிரணி ஏறி வரட்டும் என்று காத்திருந்து, காலி இடத்தில் பாய்வதுதான் கோச் எரேராவின் இன்டருக்குப் பிழைப்பு. டிஃபெண்டர் காப்ராவுக்கு 11-ஐக் கொடுத்து அந்தக் காலி இடத்தை மூடிவிட்டார் பெர்னார்தினி. ஏறி வர வேண்டிய கட்டாயம் இன்டருக்கு.

முதல் கோல் அதிர்ஷ்டம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்: பொலோன்யாவின் ஃபோலி அடித்த ஃப்ரீகிக் இன்டரின் ஃபக்கெத்தி மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. ஆனால் இரண்டாவதை அடித்த நீல்சன், 21 கோலோடு அந்த சீசனில் லீக்கின் டாப் ஸ்கோரர். பயந்து ஆடுகிற அணியில் இருந்துகொண்டு எங்கேயிருந்து அடித்தாராம் அத்தனையையும்?