இரவிகுளத்துக்கு எந்த மாதம் கேமராவைத் தூக்குவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போன மே மாதம் குடும்பத்தோடு மூணாறு போனவர் இரவிகுளம் தேசிய பூங்காவில் முந்நூறு படம் எடுத்தாராம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் வெளிறிப்போய், மலைகள் சாம்பல் பூசின மாதிரி இருந்ததாம். கையில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. வரும் வருடம் அதே இடத்தை நாலு பருவத்திலும் எடுத்து வரிசையாக மாட்ட ஆசைப்பட்டு ஜனவரி, பிப்ரவரி கடைசி, ஜூலை, அக்டோபர் என்று லீவெல்லாம் திட்டம் போட்டுவிட்டார். எந்த மாதம் நல்லது, எந்த லென்ஸ் வாங்கலாம், சூரிய உதயம் எடுக்க எத்தனை மணிக்குப் பூங்கா வாசலில் நிற்க வேண்டும் என்பது கேள்வி.

சார், முதல் வேலையாக அந்த பிப்ரவரி லீவை மாற்றுங்கள். அது வரையாடு குட்டி போடும் காலம், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். வருடத்துக்கு வருடம் தேதி கொஞ்சம் முன்னே பின்னே போகும் என்பதால் ஜனவரிக்குக்கூட ஒருமுறை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. நான் ஒரு பிப்ரவரியில் பஸ் ஏறி, மூணாறில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பூட்டின கேட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவன்.

உதயக் கேள்விக்குப் பதில் இன்னும் மோசம். பூங்கா காலை எட்டு மணி வாக்கில்தான் திறக்கிறது, மாலை நாலு மணிக்கெல்லாம் உள்ளே விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். டிக்கெட் எடுத்து, வனத்துறை பஸ்ஸில் வரிசை நின்று ஏறி, பூங்காவில் பயணிகளை விடுகிற பகுதியான ராஜமலையில் இறங்கும்போது எட்டே முக்கால் ஆகிவிடும். ஆக, காலை, மாலைப் பொன் வெளிச்சத்தில் எடுங்கள் என்று யூடியூபில் சொல்கிற பாடமெல்லாம் இந்த இடத்துக்கு ஒத்துவராது. 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் நமக்குக் கிடைப்பது ஒன்றரை கிலோமீட்டர் தார் ரோடும் பகல் வெளிச்சமும்தான். அதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்க வேண்டும்.

உங்கள் மே மாதப் படங்கள் ஏன் அப்படி வந்தன என்பதும் இங்கேதான் இருக்கிறது. மூணாறு பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் பத்து பாகையில் இருக்கிற ஊர். மே மாதம் நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். நிழல் காலடியிலேயே விழும். நிழல் இல்லை என்றால் மலைக்கு மடிப்பு தெரியாது, மடிப்பு தெரியாத மலை படத்தில் பச்சைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரிதான் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் அதே நடுப்பகலில் சூரியன் தெற்கே சரிந்து ஐம்பத்தைந்து, அறுபது பாகை உயரத்தில்தான் இருக்கும். காலையிலும் இதே கதைதான். ஜனவரியில் உதயமே ஆறே முக்கால் ஆவதால், நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில் சூரியன் இருபத்தைந்து பாகைக்குப் பக்கம் தாழ்வாக இருந்து புல்மேட்டின் ஒவ்வொரு வரப்பையும் காட்டிக்கொடுக்கும். மே மாதம் அதே எட்டே முக்காலுக்குச் சூரியன் நாற்பது பாகையை நெருங்கியிருக்கும். வாட்ச் காட்டுவது ஒரே மணிதான், வெளிச்சம் வேறு. இதோடு கோடையின் தூசி, சமவெளியிலிருந்து ஏறிவரும் புழுக்கம், காட்டுத்தீப் புகை எல்லாம் சேர்ந்து தூரத்து மலையை மறைத்துவிடும். கேமரா மேல் தப்பில்லை.

அப்படியானால் ஏப்ரல், மே போகவே கூடாதா? போகலாம், கோடை மழையை நம்பிப் போங்கள். மத்தியானம் இடி இடித்து ஒரு மழை கொட்டித் தீர்த்ததும் காற்று கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் கரும்பாறைச் சரிவுகளில் தண்ணீர் வழிந்து, மேகம் விலகும்போது பாறை வெள்ளித் தகடு போல மின்னும். கூட்டம் மழைக்குப் பயந்து பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் இடி இடிக்கும்போதே திறந்த புல்வெளியில் நிற்காதீர்கள், அது ஓய்ந்த பிறகு நடங்கள்.

ஜூலை. பலர் பயந்து தவிர்க்கிற மாதம், எனக்கு ரொம்பப் பிடித்த மாதம். புல் அப்போதுதான் முழுப் பச்சை. மஞ்சு இறங்கி, மலை மடிப்புகளில் அடர்ந்திருக்கும் சோலைக்காட்டின் ஒரு ஓரத்தை மட்டும் காட்டிவிட்டு மறுபடி மூடும். பத்து நிமிடம் ஒன்றுமே தெரியாது, அப்புறம் திரை விலகின மாதிரி ஒரு முப்பது விநாடி. அந்த முப்பது விநாடிக்கு கேமரா தயாராக இருக்க வேண்டும், பையிலிருந்து எடுக்கிற நேரமெல்லாம் கிடையாது. ஆட்டோ ஃபோகஸ் மஞ்சுக்குள் முன்னும் பின்னும் அலைந்து திணறும். பக்கத்தில் ஒரு மரத்தண்டின் ஓரம் தெரியும்போதே அதில் ஃபோகஸ் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூட்டி வைக்க வேண்டும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும், வெள்ளை மஞ்சைக் காட்டினால் அழுக்குச் சாம்பலாக்கித் தரும். போனில் எடுத்தாலும் இதேதான், திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள்.

போலரைசர் ஃபில்டர் என்றால் நீல வானத்துக்கு என்று நினைக்கிறோம். மழைக்காலத்தில்தான் அதற்கு உண்மையான வேலை. நனைந்த இலை, நனைந்த பாறை எல்லாம் வானத்தை வாங்கி வெள்ளையாகப் பளபளக்கும். ஃபில்டரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு இடத்தில் அந்தப் பளபளப்பு அணைந்து அடியிலிருக்கும் பச்சை எழுந்து வரும். மறையூர் ரோட்டில் லக்கம் அருவியில் இதைப் பண்ணிப் பார்த்தால் புரியும். அங்கே ஷட்டரைக் கால் விநாடி, அரை விநாடி என்று வைத்தால் தண்ணீர் நூல் பிரிந்த மாதிரி விழும், அதற்கு மேல் போனால் வெறும் பால்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுக்க வேண்டாம். ரெட் அலெர்ட், ஆரஞ்சு அலெர்ட் என்று அறிவித்துவிட்டால் லீவு வீணானாலும் பரவாயில்லை, கிளம்பாதீர்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் இரவில் மலை சரிந்து எழுபது பேரைக் கொண்டுபோனது இதே ராஜமலைக்குப் பக்கத்தில்தான். லயன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவர்கள். ஜூலையில் மழை விடாமல் பிடித்தால் டாப் ஸ்டேஷன் பக்கமோ மறையூர் பக்கமோ போய்விடலாம். இரண்டும் மழை குறைவான கிழக்குப் பக்கம். டாப் ஸ்டேஷனில் நின்று தேனிப் பக்கம் பார்த்தால் கேரளத்து மேகம் முகட்டைத் தாண்டி வழிந்து, பாதிச் சரிவிலேயே காற்றில் கரைந்து காணாமல் போகும். கீழே இறங்கும் காற்று சூடாவதால் நடப்பது. கீழே குரங்கணிப் பக்கம் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பூங்காவுக்குள் கிடைக்காத படம் இது.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் உங்கள் வரிசையில் கட்டாயம் இருக்கட்டும். ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மூன்று நாலு மாத மழை காற்றைக் கழுவி வைத்திருக்கும், மலைக்குப் பின் மலை என்று அடுக்கு அடுக்காகத் தெரியும், வானத்தில் மேகமும் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மத்தியானத்துக்கு மேல் நம்ப முடியாது, எனவே முதல் பஸ். நீலக்குறிஞ்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் ஒவ்வொரு வருடமும் 'மூணாறில் குறிஞ்சி பூத்தது' என்று செய்தி ஓடும். குறிஞ்சியில் வகைகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ராஜமலைச் சரிவை நீலமாக்குகிற அந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு வருடம்.

ஜனவரியில் நீங்கள் தேட வேண்டியது உறைபனி. அது பூங்கா திறக்கும் முன்பே உருகிவிடும் என்பதால் வெளியேதான் எடுக்க வேண்டும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட், சைலண்ட்வேலி என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற புல்தரைகளில் விழும். உயரமான இடத்தில்தான் பனி இருக்கும் என்று ஏறிப்போகிறவர்கள் ஏமாறுவார்கள். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி முழுக்கத் தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில், ஓடையோரப் பள்ளமான புல்தரையைத் தேடுங்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல் நுனியிலும் உப்புக்கல் ஒட்டின மாதிரி இருக்கும். வெயில் படும் எல்லைக்கோடு புல்தரையில் ஊர்ந்து வரும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் ஈரப்பச்சை. அந்தக் கோட்டைப் படம் எடுங்கள். அப்புறம் சாவகாசமாகப் பூங்காவுக்குப் போகலாம். புல் அப்போது காய்ந்து வெளிர் பொன் நிறத்துக்கு வந்திருக்கும், சோலை மட்டும் கரும்பச்சையாக மடிப்புகளில் ஒளிந்திருக்கும், அதிர்ஷ்டமிருந்தால் காட்டுப்பூவரசும் சிவப்பாகப் பூத்திருக்கும். உதயம்தான் வேண்டும் என்றால் இன்னொரு நாள் விடியும் முன்னே சூரியநெல்லியிலிருந்து ஜீப் பிடித்துக் கொழுக்குமலை போங்கள். கிழக்கே தேனிச் சமவெளியின் மேல் மேகம் கடலாகக் கிடக்க வாய்ப்புள்ள மாதம் அது.

லென்ஸ் விஷயம். வைட் லென்ஸ் வாங்காதீர்கள். அந்த ஒன்றரை கிலோமீட்டரில் வைடாக எடுத்தால் கைப்பிடிக் கம்பியும் ரோடும் செல்ஃபி எடுக்கிறவர்களும்தான் விழுவார்கள். தூரத்தைக் கிட்டே இழுக்கிற ஒரு 55-200 வகை லென்ஸ் செகண்ட் ஹேண்டில் போதும். எதிர்ச் சரிவில் ஒரு சோலை மடிப்பு, ஒரு பாறை, அதில் புள்ளி மாதிரி நிற்கும் ஒரு வரையாடு என்று துண்டு துண்டாக வெட்டி எடுக்கலாம். ஆடு சின்னதாக இருக்கும்போதுதான் மலை எவ்வளவு பெரியது என்று படத்தில் தெரியும். சில சமயம் ஆடுகள் ரோட்டோரம் கைக்கெட்டும் தூரத்துக்கே வரும், அப்போது பின்வாங்குங்கள், எதையும் கொடுக்காதீர்கள், நல்ல கோணம் என்று ரோட்டை விட்டும் இறங்காதீர்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம்.

ஒரே இடத்தை நாலு பருவத்தில் எடுக்கிற உங்கள் யோசனை நல்ல யோசனை, ஆனால் சொல்வதை விடச் செய்வது கஷ்டம். ரோட்டில் அதே வளைவில் நின்றால் போதும் என்று நினைப்போம், வீட்டில் வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று பொருந்தாது. முதல் முறை எடுக்கும்போதே பக்கத்தில் இருக்கிற ஒரு பாறை விளிம்பையும் தூரத்து முகட்டில் ஒரு பள்ளத்தையும் நேர்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி நகர்ந்தாலும் அந்தக் கோடு கலைந்துவிடும், அதனால் அடுத்த முறை சரியான இடத்தில் நிற்கிறோமா என்று கண்ணிலேயே தெரியும். ஜூமை எத்தனை மில்லிமீட்டரில் வைத்து எடுத்தோம் என்பது படத்திலேயே பதிவாகியிருக்கும். முதல் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். வருடத்தை அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரி, ஏப்ரல் கடைசி, ஜூலை என்று முடித்தால் புல்லின் நாலு நிறமும் கிடைத்துவிடும்.

லாட்ஜ் ரூமின் கதகதப்பிலிருந்து கேமராவைச் சட்டென்று குளிரில் நீட்டிவிட்டுத் திரும்ப ரூமுக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் உள்வரை ஆவி படியும், துடைத்தாலும் போகாது. உள்ளே வரும் முன்னே வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ரெயின் கவருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை, லாட்ஜில் தரும் ஷவர் கேப் கேமரா உடம்புக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று காற்றில் பறந்துவிடும்.