கோப்பு எதையும் அழிக்காத கணினிப் புழு இணையத்தை எப்படி முடக்குகிறது?

பெங்களூரு அல்சூரில் ஒரு சிறு அலுவலகத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்.

நெரிசலால்தான், தம்பி. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் என்ற புழுவின் (தானே நகலெடுத்துப் பரவும் தீய நிரலின்) அளவு வெறும் 376 பைட். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வழியே நினைவகத்தில் புகுந்து, ஏதேதோ முகவரிகளுக்குத் தன் நகலை ஓயாமல் அனுப்பியது. இணைப்பை உறுதிசெய்யாமலே தரவை அனுப்பும் யூடிபி முறை என்பதால் எதிர்முனையின் பதிலுக்காக அது காத்திருக்கவில்லை. தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டித்தது. பத்தே நிமிடத்தில், பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் 90 சதவீதம் அதன் பிடியில். சில்க் போர்டு சந்திப்பில் போகுமிடமே இல்லாத வண்டிகள் லட்சக்கணக்கில் புகுந்தால் ஆம்புலன்ஸ் என்னவாகும்? அமெரிக்காவில் ஏடிஎம்கள்கூட முடங்கின.

என்னை இன்றும் வருத்துவது வேறு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகிவிட்டது. ஆறு மாதம் கையில் இருந்தது!

சர்வரை மறுதொடக்கம் செய்தால் ஸ்லாமர் மறைந்துவிடும், கணினியின் வன்வட்டில் அது தங்குவதில்லை. ஆனால் திருத்தம் போடாத சர்வரை மீண்டும் இணைத்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் வலைக் கம்பியைப் பிடுங்குங்கள். மறுதொடக்கம், திருத்தம் இரண்டும் முடிந்தபின், வெளியிலிருந்து ஸ்லாமர் நுழையும் வாசலான யூடிபி 1434-ஆம் போர்ட்டுக்கு வரும் வழியையும் ஃபயர்வாலில் அடைத்துவிட்டு இணையுங்கள்.