ஆகாபின் ரதங்களும் ஓப்பீரின் பொன்னும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி குமரி, தென்காசி, பாலக்காடு, மூணாறு எனக் கேரள எல்லையை ஒட்டி வாழும் வாசகர்கள் எழுதியவை. வேதாகமம் சொல்லும் இஸ்ரவேல், யூதா அரசுகளின் வரலாற்றை எகிப்து, அசீரியா, பாபிலோன் ஆகிய அண்டை நாடுகளின் ஆவணங்களோடு சேர்த்துப் பார்க்கும் கேள்விகளே அவற்றில் மிகுதியாக இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். வேதாகமப் பெயர்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

ஆகாப் ராஜா இறந்தது கி.மு. 853 என்று எங்கள் சபையில் பயன்படுத்தும் விளக்க நூலில் அச்சிட்டிருக்கிறார்கள். வேதாகமத்தில் எங்குமே கி.மு. கணக்கு இல்லையே, இந்த ஆண்டு எங்கிருந்து வந்தது?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, களியக்காவிளை

இராஜாக்களின் புத்தகங்கள் ஓர் அரசனின் காலத்தை இன்னோர் அரசனின் காலத்தோடு பொருத்தித்தான் சொல்கின்றன. யூதாவின் ராஜா இன்னாருடைய இத்தனையாவது வருஷத்தில் இஸ்ரவேலின்மேல் இன்னார் ராஜாவானான் என்பதே அவற்றின் முறை. உங்கள் பகுதியில் பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே விளங்கும்: கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது என்ற ஓர் உறுதியான இணைப்பு கையில் இருப்பதால்தான் அந்தப் பத்திரங்களின் தேதியை இன்றைய ஆண்டுக்கு மாற்ற முடிகிறது. இஸ்ரவேல் அரசர்களின் கணக்குக்கு அத்தகைய இணைப்பை அசீரியா தருகிறது.

அசீரியர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உயர் அதிகாரியின் பெயரைச் சூட்டி, அந்தப் பெயர்களை வரிசையாகக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தார்கள். அந்த வரிசையில் பூர்-சகலே என்பவரின் ஆண்டில் அசூர் நகரில் கலகம் நடந்தது என்றும், சிமானு மாதத்தில் சூரிய கிரகணம் ஏற்பட்டது என்றும் குறிப்பு இருக்கிறது. அந்தக் கிரகணம் கி.மு. 763ஆம் ஆண்டு ஜூன் 15இல் நிகழ்ந்தது என்பதை வானியல் கணக்கு காட்டுகிறது. அந்த ஓர் ஆண்டு உறுதியானதும், பட்டியலில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளும் உறுதியாகிவிட்டன.

இனி ஆகாபுக்கு வருவோம். அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசார் தன் ஆறாம் ஆட்சியாண்டான கி.மு. 853இல் சிரியாவின் ஒரொண்டெஸ் ஆற்றங்கரையில் உள்ள கர்க்கார் என்ற இடத்தில் ஒரு பெரும் கூட்டணியோடு போரிட்டான். துருக்கியின் கூர்க் என்ற ஊரில் கிடைத்த அவனுடைய கல்வெட்டு, தமஸ்குவின் அரசனையும், 1,000 ஒட்டகங்களோடு வந்த அரபித் தலைவன் கிந்திபுவையும், அவர்களோடு 2,000 ரதங்களும் 10,000 காலாட்களும் கொண்டு வந்த "இஸ்ரவேலனாகிய ஆகாபையும்" குறிப்பிடுகிறது. எண்ணிக்கையை அசீரியர்கள் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆயினும் ஆகாபின் படைபலம் அவர்களுக்குப் பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது என்பதில் ஐயமில்லை. வேதாகமம் இந்தப் போரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சீரியருக்கும் இஸ்ரவேலருக்கும் இடையே மூன்று வருஷம் யுத்தம் இல்லாதிருந்தது என்று மட்டும் 1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அந்த அமைதி ஒரு பொது எதிரியின் காரணமாக ஏற்பட்டது என்பதைக் கூர்க் கல்வெட்டைப் படித்த பிறகே நாம் ஊகிக்க முடிகிறது.

அதே சல்மனாசார் கி.மு. 841இல் இஸ்ரவேலின் ராஜா யெகூவிடம் கப்பம் வாங்கியதாக எழுதியிருக்கிறான். நிம்ரூதில் 1846இல் அகழ்ந்தெடுத்த கறுப்புக் கல்தூணில், யெகூ என்றே குறிக்கப்பட்ட ஒருவர் அசீரிய அரசன் முன் முகங்குப்புற விழுந்து வணங்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. ஆகாபுக்கும் யெகூவுக்கும் இடையே அகசியா இரண்டு வருஷமும் யோராம் பன்னிரண்டு வருஷமும் ஆண்டதாக வேதாகமம் சொல்கிறது. முழுமையடையாத ஆண்டையும் ஓர் ஆண்டாக எண்ணும் பழைய வழக்கப்படி இவை பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கும். 853க்கும் 841க்கும் உள்ள இடைவெளியும் அதுவே. ஆகையால் ஆகாப் கர்க்கார் போருக்குப் பிறகு சில மாதங்களுக்குள் இறந்தான் என்றும், யெகூ பட்டத்துக்கு வந்த உடனேயே கப்பம் கட்டினான் என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

அசீரிய ராஜாவின் சேனையில் ஒரே இரவில் 1,85,000 பேர் மடிந்து அவன் திரும்பிப் போனான் என்று வேதாகமம் சொல்கிறது. சனகெரிப்போ தான் வென்றதாக எழுதி வைத்திருக்கிறான் என்று வகுப்பில் சொன்னார்கள். எதை நம்புவது?
– முதுகலை வரலாற்று மாணவர், பாலக்காடு

ஒரு தரப்பை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் தீர்ப்பளிப்பதற்கு முன், இரண்டும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதைப் பாருங்கள். போர் நடந்தது கி.மு. 701இல். லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அறுகோணக் களிமண் பட்டகத்தில் சனகெரிப், யூதாவின் ராஜா எசேக்கியாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைக் கொண்டுபோனதாகவும், எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப் போல் அடைத்ததாகவும், அவனிடமிருந்து 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வாங்கியதாகவும் சொல்கிறான். 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரமோ, யூதாவின் அரணான பட்டணங்கள் எல்லாம் பிடிபட்டன என்றும், எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தான் என்றும், அதற்காக ஆலயக் கதவுகளில் இருந்த பொன் தகடுகளைக் கழற்றினான் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பொன்னின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருப்பது சாதாரணச் செய்தியன்று. ஒன்றையொன்று பார்த்து எழுத வாய்ப்பே இல்லாத இரண்டு எதிரிகள் ஒரே தொகையைக் குறித்திருக்கிறார்கள்.

சனகெரிப் சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். எருசலேமைப் பிடித்தேன் என்று அவன் எங்குமே எழுதவில்லை. கப்பம் தனக்குப் பின்னால் நினிவேக்கு அனுப்பப்பட்டது என்றே எழுதுகிறான். நினிவே அரண்மனையில் ஓர் அறையின் சுவர்களை நிறைத்த புடைப்புச் சிற்பங்கள் லாகீஸ் பட்டணத்தின் வீழ்ச்சியைக் காட்டுகின்றன: மண்மேட்டின் மீது ஏறும் முற்றுகை இயந்திரங்கள், மாட்டுவண்டியில் மூட்டைகளோடு ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள், கழுவேற்றப்பட்ட ஆண்கள், இவற்றையெல்லாம் சிங்காசனத்தில் அமர்ந்து பார்க்கும் அரசன், அவனுடைய தலைக்கு அருகே லாகீசின் கொள்ளைப் பொருள்கள் அவன் முன்னே கடந்து சென்றன என்ற வாசகம். அகழாய்வில் அந்த முற்றுகை மேடும் நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும் கிடைத்துள்ளன. வேதாகமம் லாகீசைப் போகிற போக்கில்தான் குறிப்பிடுகிறது. அந்த ஊர் மக்கள் பட்ட துயரத்தை நாம் அறிவது அவர்களை அழித்தவன் செதுக்கி வைத்த கல்லிலிருந்துதான் என்பது என்னை எப்போதும் வருத்தும் செய்தி. தலைநகரான எருசலேம் வீழ்ந்திருந்தால் இந்த அரசன் யூதாவின் இரண்டாம் நகரைத் தன் சுவரில் இவ்வளவு விரிவாகச் செதுக்கியிருக்க மாட்டான்.

எசேக்கியா முற்றுகைக்குத் தயாராக இருந்ததற்கும் சான்று உண்டு. கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்து வெட்டிய சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. இரு முனைகளிலிருந்தும் வெட்டி வந்த ஆட்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்த செய்தியைச் சொல்லும் எபிரேயக் கல்வெட்டு 1880இல் அதன் சுவரில் காணப்பட்டது.

ஆக, யூதா நாடு சூறையாடப்பட்டது, எசேக்கியா கப்பம் கட்டினான், எருசலேம் பிடிபடவில்லை ஆகிய மூன்றும் இருதரப்புச் சான்றோடு நிற்கும் செய்திகள். அவன் ஏன் திரும்பினான் என்பதில்தான் வேறுபாடு. கர்த்தருடைய தூதன் செய்தது என்பது விசுவாசத்தின் சாட்சியம். அதை மெய்ப்பிப்பதும் மறுப்பதும் அகழாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இன்னொன்றையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். சனகெரிப் திரும்பிப் போய்த் தன் குமாரர்களால் வெட்டுண்டான் என்று வேதாகமம் ஒரே மூச்சில் சொன்னாலும், இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. அவன் மகனால் கொல்லப்பட்டதைப் பாபிலோனிய நாளாகமம் கி.மு. 681இல் பதிவு செய்துள்ளது.

சாலொமோனின் கப்பல்கள் பொன் எடுத்துவந்த ஓப்பீர் எங்கள் ஊருக்கு அடுத்துள்ள பூவாறுதான் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறேன். இது உண்மையா?
– மீன்பிடித் துறைமுகத் தொழிலாளர், கொல்லங்கோடு, குமரி மாவட்டம்

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறைப் பற்றி இப்படிச் சொல்வதை நானும் அறிவேன். ஊர்ப்பற்றோடு சொல்லப்படும் கதை என்பதால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட மனமில்லை. ஆனால் அதற்குச் சான்று இல்லை என்பதை நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலொமோன் காலமான கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேற்காசியப் பொருள் எதுவும் பூவாறில் அகழ்ந்தெடுக்கப்படவில்லை. பெயரின் ஒலி ஒத்திருப்பது மட்டும் போதாது. அதே முறையில் ஓப்பீரை அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வைத்தவர்கள் பலர்.

வேதாகம வசனங்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். செங்கடல் துறைமுகமான எசியோன்கேபேரிலிருந்து புறப்பட்டு, தீருவின் ராஜா ஈராமின் மாலுமிகளோடு ஓப்பீருக்குப் போன கப்பல்கள் 420 தாலந்து பொன்னைக் கொண்டுவந்தன என்கிறது 1 இராஜாக்கள் 9:28. ஓப்பீரிலிருந்து மரங்களும் இரத்தினங்களும் வந்தன என்கிறது 10:11. நம் நாட்டை நினைவூட்டும் யானைத்தந்தம், குரங்கு, மயில் ஆகியவை வருவதோ 10:22இல். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்த தர்ஷீஸ் கப்பல்களைப் பற்றிய அந்த வசனத்தில் ஓப்பீர் என்ற பெயரே இல்லை. மேடைப் பேச்சுகளில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிச் சொல்லி ஒன்றாகிவிட்டன. ஓப்பீர் பொன் வெறும் கற்பனையும் அன்று: டெல் அவீவ் அருகே தெல் கசீலேயில் கிடைத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓட்டில் "ஓப்பீர் பொன், 30 சேக்கல்" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் பொன் புழங்கியது உறுதி, வந்த துறைமுகம் எது என்பதற்கு அந்த ஓட்டில் விடையில்லை.

அதே நேரத்தில் நம் கரையின் சரக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கி.மு. 1213இல் இறந்த எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேசின் பாடம் செய்யப்பட்ட உடலில், மூக்குத் துளைகளுக்குள் மிளகு வைக்கப்பட்டிருந்தது. மிளகுக்கொடியின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. சாலொமோனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே மலைநாட்டு மிளகு நைல் கரைக்குப் போயிருக்கிறது. பல கைகள் மாறிப் போயிருக்கலாம். நேராகக் கப்பல் வந்தது என்பதற்கு அது சான்றாகாது. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் பெருமளவில் கிடைக்கும், கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் உள்ள அகழாய்வுத் தளம், சாலொமோனுக்குச் சுமார் ஒன்பது நூற்றாண்டுகள் பிந்தியது. கொச்சி யூதர்கள் தம் முன்னோர் சாலொமோனின் கப்பல்களில் வந்ததாகச் சொல்லும் மரபும் உண்டு. ஆனால் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சேர்ந்தது.

யாத்திராகமத்தின் பார்வோன் யார்? எகிப்தியர் அதை எழுதி வைத்திருக்கிறார்களா?
– தேயிலைத் தோட்ட வாசகர், மூணாறு

வேதாகமம் அவன் பெயரைச் சொல்லவில்லை. விடுதலைப் பயணத்தை விவரிக்கும் எகிப்திய ஆவணமும் கிடைக்கவில்லை. இஸ்ரவேல் என்ற பெயர் எகிப்தில் முதலில் காணப்படுவது ராம்சேசின் மகன் மெர்னெப்தா ஏறத்தாழ கி.மு. 1208இல் நிறுத்திய கல்வெட்டில். அஸ்கலோன், கேசேர் போன்ற பெயர்களுக்கு அருகே நாட்டைக் குறிக்கும் குறி இருக்க, இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் குறி உள்ளது. ஆக, அந்த ஆண்டில் கானானில் இஸ்ரவேலர் என்ற மக்கள் இருந்தார்கள், அரசு இன்னும் அமையவில்லை. அவர்களுடைய வித்து அற்றுப்போயிற்று என்று மெர்னெப்தா எழுதியது எவ்வளவு பெரிய பொய் என்பதை அடுத்து வந்த நூற்றாண்டுகள் காட்டிவிட்டன.

யூதர்கள் பாபிலோனில் சிறையிருந்த காலத்தில் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? சிறைப்பட்ட ராஜாவைப் பற்றிப் பாபிலோனியர் ஏதாவது எழுதினார்களா?
– நூலகர், செங்கோட்டை

கீழடியின் கீழ்ப்படிவுகள் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட காலக்கணிப்பு. ஆகவே எருசலேம் எரிந்த நூற்றாண்டில் வைகைக் கரையில் மக்கள் குடியிருந்தார்கள் என்று சொல்லலாம். உங்களுக்குக் கிழக்கே தாமிரபரணிப் படுகையில் உள்ள சிவகளையில், முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அது மெர்னெப்தா கல்வெட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மட்டுமே பிந்தியது. காலம் ஒன்றாக இருப்பதால் தொடர்பு இருந்தது என்று மட்டும் கொள்ளக்கூடாது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு மிகச் சிறந்த சான்று இருக்கிறது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் தன் ஏழாம் ஆட்சியாண்டில் யூதாவின் நகரை முற்றுகையிட்டு, ஆதார் மாதம் இரண்டாம் நாள் அதைப் பிடித்து, அதன் அரசனைச் சிறைப்படுத்தித் தனக்கு விருப்பமான வேறோர் அரசனை நியமித்தான் என்று பாபிலோனிய நாளாகமம் சொல்கிறது, அது கி.மு. 597 மார்ச் 16. சிறைப்பட்டவன் யோயாக்கீன், நியமிக்கப்பட்டவன் சிதேக்கியா. பாபிலோன் அரண்மனையில் கண்டெடுத்து 1939இல் வெளியிடப்பட்ட பலகைகள் எண்ணெய்ப் படி அளந்த கணக்குகள். அவற்றில் அஸ்கலோன், தீரு, எகிப்து நாட்டவர்களின் பெயர்களுக்கு இடையே, யூதா நாட்டு அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்த எண்ணெய் பதிவாகியுள்ளது. ஒரு பலகையின் ஆண்டு கி.மு. 592. சிறையிலும் அவனை அரசன் என்றே பாபிலோன் எழுத்தர்கள் குறித்தார்கள். சிறையிருப்பின் முப்பத்தேழாம் வருஷத்தில் பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் அவனை விடுவித்துத் தினந்தோறும் படி கொடுத்தான் என்று 2 இராஜாக்களின் கடைசி வசனங்கள் சொல்வது இதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிந்திய செய்தி. 1 நாளாகமம் 3ஆம் அதிகாரம் அவனுக்கு ஏழு குமாரர்கள் என்கிறது; மற்ற இருவர் பலகை எழுதப்பட்ட பிறகு பிறந்திருக்கலாம்.