குட்டி யானையில் குதிரை ஏற்றலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். என்னிடம் ஒரு மார்வாரி இனப் பெண் குதிரையும் அதன் மூன்று மாதக் குட்டியும் இருக்கின்றன. ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் இன்னொரு குதிரை பிடிக்கலாம் என்று எண்ணம். மாதம் ஒரு தடவையாவது வெளியூர் கொண்டுபோக வேண்டியிருப்பதால் சொந்த வண்டி வாங்கப் பார்க்கிறேன். புரோக்கர் ஒருவர் பைப் அடித்து உயரம் கூட்டிய பழைய டாடா ஏஸை, அதாவது குட்டி யானையைக் காட்டி, "இதுவே போதும்ங்க, மத்த நாள்ல மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திக்கலாம்" என்கிறார். பழைய டாடா 407 மினி லாரி ஒன்றும் விலைக்கு வருகிறது. எதை வாங்கலாம்?

பதில்: 407-ஐ வாங்குங்கள். ஏஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

புரோக்கர் சொல்லும் கணக்கு எனக்குத் தெரியும். ஏஸ் முக்கால் டன் தாங்கும், குதிரை 350, 400 கிலோதான், அப்புறம் என்ன என்பார். அந்த முக்கால் டன் அசையாமல் கிடக்கும் மூட்டைக்கான கணக்கு. குதிரை நின்றுகொண்டு வருகிறது. பிடிக்கக் கம்பி கிடைக்காமல் டவுன் பஸ்ஸில் நிற்பவரைப் போல, ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு வளைவிலும் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துத்தான் சமாளிக்கும். ஏஸ் வண்டியின் சொந்த எடையே ஒரு டன்னுக்குள். அகலம் ஐந்தடிக்கும் குறைவு. அதன்மேல் குதிரையின் பாரம் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் ஆடிக்கொண்டு வந்தால், வளைவில் யார் வண்டியை ஓட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டிரைவர் அல்ல, குதிரைதான்.

அடுத்தது நீளம். தலையை இயல்பாக வைத்து நிற்க ஒரு மார்வாரிக்கு எட்டடி வேண்டும். ஏஸின் தளம் ஏழடிச் சொச்சம். தலையைத் தூக்கிக் கட்டித்தான் கொண்டுபோக முடியும். தலை மணிக்கணக்கில் தூக்கியே இருந்தால் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேறாமல் நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரும். அதைச் சந்தையில் ஒட்டிய நோய் என்பார்கள். பாதி நேரம் அது வண்டியில் வந்த நோய்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2016 ஜனவரி 1 முதல், கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்க நிரந்தரத் தடுப்புகள் இருக்க வேண்டும், ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று மோட்டார் வாகன விதி இருக்கிறது. அதாவது சுமார் 24 சதுர அடி. ஏஸின் தளம் அதைவிடப் பெரிது! புரோக்கர் இந்த எண்ணைக் காட்டி "சட்டப்படி சரி" என்று சாதிப்பார். விதி எழுதியவர்கள் பரப்பளவைச் சொன்னார்கள், நீளத்தைச் சொல்லவில்லை. குதிரையை மடித்தா வைக்க முடியும்?

தக்காளி விஷயம் இன்னும் மோசம். அதே விதிப்படி, கால்நடைக்கென்று உள்ள வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. தக்காளி ஏற்றினால் அது குதிரை வண்டி இல்லை, குதிரை ஏற்றினால் அது தக்காளி வண்டி இல்லை. ஆனால் 1978-ம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளோ, சாதாரண சரக்கு வண்டியிலேயே வழுக்காத தளமும், குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 செ.மீ. கனத்தில் மூங்கிலும், பின்னால் இரண்டு கட்டைகளும் போட்டு ஏற்றலாம் என்கின்றன. இரண்டும் இன்றைக்கும் ஏட்டில் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுப் பாருங்கள், உங்களையே விளக்கம் கேட்பார்கள். வாசலில் நிற்கும் ஏஜென்ட் மட்டும் உடனே பதில் வைத்திருப்பார், தொகையோடு. பழைய விதியில் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் என்றும் இருக்கிறது. நாலு வழிச் சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார். விடியற்காலையில் கிளம்பி, முடிந்தவரை பழைய ரோட்டில் போங்கள்.

சரி, 407-க்கு வருவோம். உள்ளளவு சாதாரணமாகப் பத்தடி நீளம், ஆறடிச் சொச்சம் அகலம். வாய்ச்சொல்லை நம்பாமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நடுவில் ஒரு தடுப்பு போட்டால் எட்டடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், மூன்றடி அகலத்தில் இரண்டு அறை கிடைக்கும். மீதி இடத்தில் தீவனமும் தண்ணீர்க் குடமும் போகும்.

விலை பேசுமுன் தளத்தில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். "நல்ல மெத்து மெத்துனு இருக்குங்க" என்று காட்டுவார்கள். அடியில் பலகை மூத்திரத்தில் ஊறி இற்றுப்போயிருக்கும். ஓடும் வண்டியில் பலகை உடைந்து குதிரையின் கால் கீழே போனால், அதன்பின் எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கடப்பாரையால் பலகையைக் குத்திப் பார்க்க விடாதவரிடம் வண்டி வாங்காதீர்கள். வெறும் செக்கர் பிளேட் (மேடு போட்ட இரும்புத் தகடு) தளமும் ஆகாது, ஈரத்தில் வழுக்கும். பாய்மேல் மணலோ நெல் உமியோ போடுங்கள். சைலன்சர் புகை பின் கதவு வழியாக உள்ளே வருகிறதா என்றும் பாருங்கள்.

பாடி மாற்ற வேண்டியிருந்தால் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் நன்றாகவே செய்வார்கள். செய்த மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றினால்தான் அது கணக்கு. "அதெல்லாம் அப்புறம் ஏத்திக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் அந்த 'அப்புறம்' வரவே வராது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். வண்டி இன்சூரன்ஸ் குதிரைக்குச் சேராது, அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் குட்டி. தனித்தனி அறை என்கிற விதியைப் பால் குடிக்கும் குட்டிக்கு அப்படியே பொருத்தினால் வண்டியைத் தாயே உடைத்துவிடும். ஐந்தாறு மாதத்தில் பால் மறக்கும்வரை இரண்டையும் பிரிக்காதீர்கள். நடுத் தடுப்பைக் கழற்றி, முழு அகலத்தையும் தாய்க்கும் குட்டிக்கும் விடுங்கள். தாயைக் கட்டுங்கள், கயிறு தலையைக் குனிந்து குட்டியை முகரும் அளவுக்கு இருக்கட்டும். குட்டியைக் கட்டவே கூடாது, அது படுக்கும், எழும், கயிறு கழுத்தில் சுற்றும். பக்கவாட்டில் பைப்புக்கும் பைப்புக்கும் நடுவே சந்து இருந்தால் அதில் கால் நுழையும், அதனால் கீழ் மூன்றடி முழுக்கப் பலகை அடித்துவிடுங்கள். ஏற்றும்போது ஒருவர் குட்டியின் நெஞ்சையும் புட்டத்தையும் அணைத்து முதலில் ஏற்ற, தாய் ஒட்டியே பின்னால் வரவேண்டும். ஓடும் வண்டியில் குட்டி சரியாகப் பால் குடிக்காது, இரண்டு மணிக்கு ஒருதரம் நிறுத்திக் குடிக்க விடுங்கள். கால்நடை மருத்துவரின் சான்றில் 'பால் குடிக்கும் குட்டியுடன் தாய்' என்று எழுதி வாங்குங்கள், வழியில் யாராவது தடுப்பு எங்கே என்று கேட்டால் காட்டலாம்.

குட்டி இப்படி முழு இடத்தையும் எடுத்துக்கொள்வதால், அந்தியூருக்குத் தாயையும் குட்டியையும் கூட்டிப் போகாதீர்கள். காலி வண்டியோடு போய்ப் புதுக் குதிரையை மட்டும் ஏற்றி வாருங்கள். அதற்கு கிளாண்டர்ஸ் இல்லை என்ற ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள், அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட பயணச் சான்றைச் சந்தையில் நீட்டுவார்கள், அதைத் தொடாதீர்கள். 407 கைக்கு வருமுன் ஆடி வந்துவிட்டால், ரிட்டர்ன் லாரி மலிவு என்று ஏற்றிவிடாதீர்கள். போகும்போது அதில் உரமோ கோழியோ போயிருக்கும், கழுவியிருக்க மாட்டார்கள். வாடகைக்கு எடுப்பதானால் முந்தின நாளே வண்டியை வரச்சொல்லி, தளத்தைக் கழுவிக் காயவைத்து, அதன்பிறகு பேசிய தொகையில் பாதியைக் கொடுங்கள்.