ஒரு தடவைதானே என்கிறார்!

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது முறையாகக் கிட்னியில் கல். 24 மணி நேரச் சிறுநீரில் ஆக்சலேட் (கல்லாகப் படியும் பொருள்) பார்க்க லேப்பில் ஒரு கேன் கொடுத்தார்கள். தக்காளி மண்டிக்குப் போன இடத்தில் ஒரு தடவை கேனில் பிடிக்காமல் வெளியே சிறுநீர் போய்விட்டு வந்து, "ஒரு தடவைதானே" என்கிறார். அப்படியே கொடுத்துவிடலாமா? டெஸ்டுக்காகக் கீரை, தக்காளி, களி, மோர் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
- வாசகி, ராயக்கோட்டை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கேனில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதை வைத்துத்தான் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சலேட் வெளியேறியது என்று கணக்குப் போடுகிறார்கள். 40, 45க்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். மண்டியில் போன முந்நூறு மில்லி கணக்கில் வராததால் 48 இருக்க வேண்டியவருக்கு 40 என்று வரும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள், கல் மட்டும் மறுபடி வரும். தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்த்தால் சேகரிப்பு குறைந்ததை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம், ஆனால் போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

வேறு கேன் வாங்கி, அவர் வீட்டிலேயே இருக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள். காலையில் முதல் தடவை போவதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரவில் எழுந்து போவது உட்பட ஒரு சொட்டு விடாமல் பிடித்து, மறுநாள் அதே நேரத்தில் போவதையும் சேர்த்து முடியுங்கள். கேனின் அடியில் கொஞ்சம் திரவம் இருந்தால் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், அது ஆசிட். ஆக்சலேட் உப்பாகப் படியாமல் கரைந்தே இருக்கத்தான் ஊற்றியிருக்கிறார்கள். அதனால் நேரே கேனில் போகாமல் ஒரு பிளாஸ்டிக் மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள், தெறித்தால் தோல் எரியும்.

சாப்பாட்டை நிறுத்தியது இன்னொரு தப்பு. பரீட்சைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருந்தால் வீட்டு நிலவரம் எப்படித் தெரியும்? வழக்கமாகச் சாப்பிடும் களியையும் கீரைக் கடைசலையும் போடுங்கள். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மட்டும் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், அது உடம்பில் ஆக்சலேட்டாக மாறும்.

தக்காளி விதைதான் கல்லாகிறது என்று தக்காளிக்குப் பேர்போன ராயக்கோட்டையிலேயே சொல்கிறார்கள் என்றால் பாவம் தக்காளி! அதில் ஆக்சலேட் குறைவு. பாலக்கீரை, தண்டுக்கீரையில்தான் அதிகம், ரிசல்ட் கூடுதலாக வந்தால் அவற்றைக் குறைக்கலாம், வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டலாம். மோரை ஏன் நிறுத்தினீர்கள்? அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். களியோடு ஒரு சொம்பு மோரும் இன்றைக்கே கொடுங்கள்.