பனி இறங்குமுன் கொல்லையில்: கேள்வி பதில்

இந்த வருஷம் பட்டமே குழம்பிவிட்டது. ஆடியில் போட்ட விதை மழையில் அழுகி, ஆவணிக் கடைசியில் மறுபடி ஊன்றினோம். ஐப்பசி காய்ந்தது, கார்த்திகை மொத்தமாகக் கொட்டியது. இப்போது அரைகுறையாக வளர்ந்த செடிகளோடு மார்கழிப் பனிக்குள் போகிறோம். பாபநாசம் பக்கத்துக் களிமண் கொல்லையில் கற்றதுதான் என் படிப்பு. கேளுங்கள்.

மன்னார்குடி: அக்கா, பூசணி இலையில் வெள்ளையாக இருக்கிறது. பனி ஒத்துக்கொள்ளவில்லையா?

விரலால் தேய்த்துப் பாருங்கள். மேல்பக்கம் மாவு போல ஒட்டினால் சாம்பல் நோய். முற்றிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு பங்கு புளித்த மோரில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். வெண்டைக்கு அடிக்கிற நனையும் கந்தகத்தைப் பூசணி, சுரைக்கு அடிக்காதீர்கள், இலை கருகும். மேலே மஞ்சள் திட்டு, அடியில் சாம்பல் நிறம் என்றால் அது வேறு, அடிச்சாம்பல் நோய். இலை ஈரமாகவே கிடந்தால் வருவது. பனி எப்படியும் காலை எட்டு மணிவரை நனைக்கும். நீங்களும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றி அதற்குத் துணை போகாதீர்கள். காலையில், வேருக்கு மட்டும்.

டொரண்டோ: நான் கும்பகோணத்துப் பெண், அக்கா. கறிவேப்பிலைத் தொட்டியைச் செப்டம்பரிலேயே வீட்டுக்குள் எடுத்துவிட்டேன். இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. வெளியே பூண்டு ஊன்றிய பாத்தியைப் பனி மூடிவிட்டது.

உன் பனி வேறு, எங்கள் பனி வேறு அம்மா. ஆனால் கறிவேப்பிலை எங்கே இருந்தாலும் ஒன்றுதான். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சையாக இருந்தால் தூங்குகிறது, சாகவில்லை. வெயில் விழும் சன்னலோரம் வை, ஹீட்டர் காற்று படக்கூடாது. மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர். மார்ச் வரை உரம் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். காய்ந்த காற்றில் சிலந்திப்பேன் வரும், இலையின் அடிப்பக்கம் பார்த்துக்கொள்.

பூண்டைத் தொடாதே. மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்தபோது, பாத்திமேல் கிடந்த பனியை வார நான் முறத்தோடு இறங்க, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தடுத்தார். அந்தப் பனிதான் மண்ணுக்குப் போர்வையாம். உருகி உருகி மறுபடி உறைவதுதான் வேருக்கு ஆபத்து, அதற்குத்தான் வைக்கோல் போடுவது.

திருவையாறு: ஆவணிக் கடைசியில் ஊன்றிய அவரை பாதிப் பந்தல்கூட ஏறவில்லை, அதற்குள் பூ. கிள்ளிவிடவா?

வேண்டாம். பந்தல் அவரை வயதைப் பார்த்துப் பூப்பதில்லை, இரவு நீண்டால் பூக்கும். நம் பக்கம் ஆனியில் பகல் சுமார் 12¾ மணி நேரம், மார்கழியில் 11½. லேட்டாக ஊன்றினாலும் அந்தக் காலம் வந்ததும் பூத்துவிடும், கொடிதான் சின்னதாக இருக்கும். கிள்ளினால் இருக்கிற காயும் போகும்.

கும்பகோணம்: அவரைக்குப் பூ வைப்பது பனிதான் அம்மா. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

தாத்தா சொன்ன காலம் சரி, காரணம்தான் வேறு.

நன்னிலம்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் தெருவில் புதிதாக எல்இடி விளக்கு போட்டார்கள். பந்தலில் விளக்குப் பக்கம் வெறும் இலை, கிணற்றுப் பக்கம் பூவாய்ப் பூத்திருக்கிறது!

கேட்டீர்களா கும்பகோணத்தாரே! ஒரே கொடி, ஒரே பனி. விளக்குப் பக்கத்துக்கு இன்னும் இரவே வரவில்லை.

கும்பகோணம்: விளக்குக்கு வந்த பூச்சி பூவைத் தின்றிருக்கும்.

தின்றிருந்தால் காம்பாவது மிச்சம் இருக்குமே. நன்னிலம், அந்தப் பக்கத்துக்கு ஒரு பழைய சாக்கைக் கட்டி விளக்கை மறைத்துவிட்டு, தைப் பொங்கலுக்கு வந்து சொல்லுங்கள். அதுவரை இந்தப் பஞ்சாயத்து ஒத்திவைப்பு. செடி அவரைக்கு இந்தக் கதையே இல்லை, எந்தப் பட்டத்திலும் காய்க்கும்.

வலங்கைமான்: அவரைப் பிஞ்சில் கறுப்பாக அசுவினி, கூடவே எறும்பு.

விடியற்காலையில் பனி ஈரத்தோடு இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டுங்கள். அப்போதுதான் ஒட்டும். வேரடியில் குவிக்க வேண்டாம். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு. பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் அடியுங்கள்.

பட்டுக்கோட்டை: கஜா புயலுக்கு அப்புறம் வைத்த தென்னை...

தென்னை எனக்கு வராது. உங்களுக்குப் பக்கத்திலேயே வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

திருவாரூர்: சம்பாவில் குலை நோய்.

வயலுக்கு நான் ஆள் இல்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள்.

நீடாமங்கலம்: மல்லிகை பூக்கவே இல்லை.

பனியில் பூக்காது. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள், மாசி பங்குனியில் பார்ப்போம். கார்த்திகையிலேயே முடித்திருக்க வேண்டும், மழை விடவில்லை. இந்த வாரமாவது கத்தியை எடுங்கள்.

பேராவூரணி: பூசணி இலையில் வெள்ளையாக...

மன்னார்குடிக்குச் சொன்னதேதான்.

குத்தாலம்: சுரை இலையில் வெள்ளை மாவு. தினமும் சாயங்காலம் நன்றாகக் கழுவித்தான் விடுகிறேன்.

சாயங்காலமா! மன்னார்குடிக்கு எழுதியதன் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு வாருங்கள்.