ஒன்றரை இலட்சம் கட்டினால் 7.4 கிடைக்குமா?

முல்லைத்தீவு மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்யும் ஒரு இளம் பெண் மருத்துவர் கேட்டிருக்கிறார். புடையன் பாம்பு கடித்து வந்த 31 பேரின் விபரங்களை இரண்டு வருடமாகத் திரட்டி, யாருக்கெல்லாம் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, கடித்து எவ்வளவு நேரத்தில் வந்தார்கள் என்று ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். வவுனியாவில் ஒருவர், "இம்பக்ட் ஃபக்டர் 7.429 உள்ள சர்வதேச ஜேர்னலில் பத்து நாளில் போட்டுத் தருகிறேன், ஒன்றரை இலட்சம் ரூபா, உள்ளூர் ஜேர்னலில் போட்டால் நேர்முகத்தில் ஒரு புள்ளியும் வராது" என்கிறாராம். அந்த ஆளின் செய்தியையும் ஜேர்னலின் படத்தையும் எனக்கு அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

தங்கச்சி, கட்ட வேண்டாம். ஏன் என்று விளங்கினால் நாளைக்கு இன்னொருவர் வேறொரு இலக்கத்தோடு வரும்போது நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இம்பக்ட் ஃபக்டர் ஒரு சராசரி. ஒரு ஜேர்னல் 2023, 2024 இரண்டு வருடத்திலும் சேர்த்து 100 கட்டுரை போட்டது என்று வையுங்கள். 2025இல் வந்த கட்டுரைகள் அந்த நூறையும் மொத்தம் 250 தடவை மேற்கோள் காட்டின. 250ஐ 100ஆல் பிரித்தால் 2.5. இவ்வளவுதான் கணக்கு. இரணைமடுக் குளத்துக்குக் கீழே இந்தப் போகம் ஏக்கருக்குச் சராசரி இத்தனை மூடை என்று கமநல சேவை நிலையத்தில் சொல்லுவார்கள், அதை வைத்து உங்கள் வயலில் எத்தனை மூடை என்று சொல்ல முடியுமா? வாய்க்கால் தலைப்பில் இருக்கிறவருக்கு ஒரு விளைச்சல், கடைசியில் இருக்கிறவருக்கு ஒரு விளைச்சல். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஜேர்னலுக்கு 2008இல் இம்பக்ட் ஃபக்டர் 2 தான், அடுத்த வருடம் 49.9. அவ்வளவு ஏற்றத்துக்கும் காரணம் 2008இல் வந்த ஒரே ஒரு கட்டுரை, பளிங்குகளின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் ஒரு கணினி நிரலைப் பற்றியது, அந்த நிரலைப் பாவித்தவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த மற்றக் கட்டுரைகளை அதற்கு முதல் எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பேர்தான் பிறகும் பார்த்தார்கள். லான்செட்டும் அப்படித்தான், 2020இல் 79, கொரோனாவால் 2021இல் 202, 2023இல் திரும்ப 98.

இன்னொன்று, துறைக்குத் துறை இந்த இலக்கம் மாறும். புற்றுநோய் பற்றி எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், பாம்புக்கடி பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சப் பேர், அதனால் மேற்கோளும் கொஞ்சம். விஷங்களைப் பற்றிய நல்ல ஜேர்னலான டொக்சிகன் போன்றவையே 2, 3 என்ற அளவில்தான் நிற்கின்றன. அப்படி இருக்க, நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் அந்த ஜேர்னலுக்கு 7.4 எங்கிருந்து வந்தது? நான் அதன் கடைசி இதழைத் திறந்து பார்த்தேன். முதல் கட்டுரை இறால் வளர்ப்பு, இரண்டாவது வங்கிக் கடன், மூன்றாவது பிள்ளைகளின் பற்சொத்தை. தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி.

இனி அந்த 7.429 என்ற இலக்கத்தை மட்டும் வடிவாகப் பாருங்கள். உண்மையான இம்பக்ட் ஃபக்டரைக் கணக்கிட்டு வருடா வருடம் ஜூன் மாதத்தில் வெளியிடுவது கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனம்தான், 2023இலிருந்து அவர்கள் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வருடத்து இலக்கம் என்று சொல்லிக்கொண்டு யாராவது மூன்று தசமம் காட்டினால் அது வேறு கடையில் வாங்கியது. அந்தக் கடைகளும் இருக்கின்றன. குளோபல் இம்பக்ட் ஃபக்டர், யுனிவர்சல் இம்பக்ட் ஃபக்டர் என்று அசல் போலவே பெயர் வைத்துக்கொண்டு, காசு கொடுத்த ஜேர்னலுக்கு ஒரு இலக்கம் கொடுப்பார்கள். போன வருடம் தொடங்கிய ஜேர்னல் இம்பக்ட் ஃபக்டர் சொன்னாலும் நம்பாதீர்கள், முந்தைய இரண்டு வருடத்துக் கட்டுரைகளை வைத்துத்தானே கணக்கு.

சரி, எப்படிப் பார்ப்பது? கிளாரிவேட்டின் ஜேர்னல் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் ஜேர்னலின் பெயரைப் போட வேண்டாம், ஒவ்வொரு ஜேர்னலுக்கும் தனியாகக் கொடுக்கும் ஐஎஸ்எஸ்என் இலக்கத்தைப் போடுங்கள். ஏனென்றால் நல்ல ஜேர்னலின் பெயரை அப்படியே களவெடுத்து, அதே அட்டையோடு வேறொரு இணையத்தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தரகர் அனுப்பிய இணைப்பால் ஒருநாளும் உள்ளே போகாதீர்கள், பட்டியலில் இருந்து ஜேர்னலின் தளத்துக்குப் போய் இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஐஎஸ்எஸ்என் இருக்கிறது, டிஓஐ என்ற கட்டுரை இலக்கம் இருக்கிறது, கூகுள் ஸ்கொலரில் வருகிறது என்பதெல்லாம் தரத்துக்குச் சான்று இல்லை. அவை வாகனத்து இலக்கத் தகடு மாதிரி, பிறேக் பிடிக்குமா என்று சொல்லாது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடினால் வருகிறது என்று சொன்னாலும், தரம் பார்த்துச் சேர்க்கும் மெட்லைன் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஜேர்னலா என்று கேளுங்கள், பப்மெட்டுக்குள் வேறு வழியாகவும் கட்டுரைகள் வந்து சேரும். 

தரகரின் செய்தியில் ஒரு வரியை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். "ஆசிரியர் பட்டியலை நாங்கள் சரிசெய்வோம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? உங்கள் 31 நோயாளிகளையும் ஒருநாளும் காணாத இரண்டு, மூன்று பேருக்கு உங்கள் கட்டுரையில் இடம் விற்கப் போகிறார். நீங்கள் கட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேலே அவர்களிடமும் வாங்குவார். இப்படிப்பட்ட வியாபாரத்தால் ஹிந்தாவி என்ற பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் ஜேர்னல்களில் வந்த 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் 2023 என்ற ஒரே வருடத்தில், வெளிவந்த பிறகு செல்லாது என்று மீளப் பெறப்பட்டன. என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்படி ஒரு ஆளிடம் காசு கட்டி, தங்கக் கரை போட்ட சான்றிதழ் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து, அதைத் தாய்க்குக் காட்டிச் சந்தோசப்பட்டது. எட்டு மாதத்தில் அந்தத் தளமே இல்லை. நல்ல ஜேர்னலுக்கு அனுப்பினால், ஏற்கெனவே வெளிவந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோயாளிகளிடம் வாய் நோகக் கேட்டு எடுத்த தரவு, வீணாய்ப் போனது.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் நின்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொன்னதை வைத்து நல்ல இடத்தையும் நீங்கள் தள்ளிவிடுவீர்கள். காசு கேட்கிற ஜேர்னல் எல்லாம் கள்ள ஜேர்னல் இல்லை. திறந்த அணுகல் ஜேர்னல்களில் பல, வாசிக்கிறவரிடம் காசு வாங்காமல் எழுதுகிறவரிடம் வாங்குகின்றன. இலங்கையில் வருடத்துக்கு 80,000 பேருக்கு மேல் பாம்பு கடிக்கிறது, 400 பேர் சாகிறார்கள் என்று நாம் இன்றைக்குச் சொல்லும் கணக்கு, நாடு முழுக்க வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வு, 2016இல் வந்தது அப்படிக் கட்டணம் வாங்கும் பிளொஸ் என்ற வெளியீட்டாளரின் ஜேர்னலில்தான். வித்தியாசம் எங்கே என்றால், அங்கே கட்டணம் எவ்வளவு என்று தளத்தில் எல்லோருக்கும் தெரிய எழுதியிருக்கும். வேறு மருத்துவர்கள் வாசித்துக் குறை சொல்லி, நீங்கள் திருத்தி, ஏற்றுக்கொண்ட பிறகுதான் பில் வரும். எங்கள் மாதிரி நாட்டில் இருந்து அனுப்புகிறவர்கள் கட்டண விலக்கோ குறைப்போ கேட்கலாம், அதை அனுப்பும்போதே கேட்க வேண்டும், பிறகு கேட்டால் சிக்கல். காசை ஜேர்னலுக்கு நேரே கட்டுவீர்கள், நடுவில் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ஒருநாளும் இல்லை. பத்து நாளில் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் மாட்டார்கள்.

உள்ளூர் ஜேர்னலைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குக் கோபம். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887இலிருந்து வருகிறது, மெட்லைனிலும் இருக்கிறது. யாழ்ப்பாண மருத்துவச் சங்கம் தன் ஜேர்னலை நடத்துகிறது. நெடுங்கேணியிலோ மல்லாவியிலோ இரவு பன்னிரண்டு மணிக்குப் புடையன் கடித்து ஒருவரைக் கொண்டுவரும்போது, கடமையில் நிற்கும் மருத்துவருக்கு உங்கள் கட்டுரை எங்கே இருந்தால் கைக்கு வரும் என்று யோசியுங்கள்.

புள்ளி விசயத்தில் தரகர் சொல்வதைக் கேட்காமல், நேர்முகம் நடத்தும் இடத்துக்கு எழுத்தில் கேளுங்கள், எந்த ஜேர்னல்களை ஏற்கிறீர்கள் என்று. பதில் வரச் சுணங்கும், தெரியும். கட்டுரையைத் திறந்து வாசிக்காமல் இலக்கத்தைப் பார்த்துப் புள்ளி போடும் பழக்கம் இருக்கிற வரைக்கும் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பு இருக்கும். இம்பக்ட் ஃபக்டரை யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1960களில் கொண்டுவந்தது, எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் தன் அட்டவணைக்கு ஜேர்னல்களைத் தெரிவு செய்ய. அதை வைத்து ஆட்களை அளக்காதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேர்னல் ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் கூடிப் பிரகடனமே எழுதினார்கள். இத்தனை வருடமாகியும் எங்கள் பிள்ளைகள் அந்த இலக்கத்துக்காகக் கடன் வாங்குகிறார்கள்.

கட்டுரையை அந்த ஆளுக்கு இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், இன்றைக்கே அவருக்கும் அந்த ஜேர்னலுக்கும் ஒரே மின்னஞ்சலில், "மீளப் பெறுகிறேன், வெளியிட எனக்குச் சம்மதமில்லை, பதிப்புரிமை எதையும் தரவில்லை" என்று எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மீளப் பெறக் காசு கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். பிறகு வேறு ஜேர்னலுக்கு அனுப்பும்போது நடந்ததை அந்த ஆசிரியருக்கு மறைக்காமல் எழுதி, அந்த மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்புங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் இப்போதே எடுத்து வைத்திருங்கள், எந்த நல்ல ஜேர்னலும் முதலில் கேட்பது அதைத்தான்.